காலுறை போட்ட படிகள்

ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளைக் காலுறைகளை ஆர்லிஸ் பிரெக்கி குப்பையில் போடவில்லை. இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு காலில் ரத்தம் கட்டிவிடாமல் இருக்கத் தொடை வரை இழுத்துப் போடும் இறுக்கமான காலுறைகள் அவை. போட்டுக்கொள்கிறவருக்கும் மூச்சு வாங்கும், போட்டுவிடுகிறவருக்கும் மூச்சு வாங்கும். அவள் கணவன் லவர்ன்தான் வசந்தம் முழுக்கக் காலையில் முட்டி போட்டு உட்கார்ந்து அவற்றை இழுத்து மாட்டினான். இனி வேண்டாம் என்று டாக்டர் சொன்ன அன்றே அவற்றை எரித்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தான். ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் அவன் காப்பிக்கு வந்தபோது, அடுப்பில் பெரிய பாத்திரத்தில் ஏதோ கறுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

"என்ன சூப்பு இது?"

"வால்நட் தோல் சாயம்."

"உள்ள என்ன கிடக்கு?"

"என் காலுறை."

லவர்ன் மூடியைத் திரும்ப வைத்தான். "நான் இன்னிக்கு ஊருக்குள்ள போய்ச் சாப்பிட்டுக்கறேன்."

வெள்ளை போய் ஈர மண் நிறம் வந்ததும் ஆர்லிஸ் அவற்றைக் கொடியில் உலர்த்தினாள். பிறகு துண்டு துண்டாக வெட்டி, மரம் ஏறும் படிகளுக்கு ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாள்.

வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் மரத்தில் ஏறித்தான் காத்திருப்பார்கள். தரையில் உட்கார்ந்தால் மான் பார்த்துவிடும், இல்லாவிட்டால் மோப்பம் பிடித்துவிடும். கிக்கப்பூ ஆற்றோரத்துப் பொதுக் காட்டில் மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. அன்றைக்குக் கொண்டுபோனதை அன்றைக்கே கழற்றிக்கொண்டு வந்துவிடவும் வேண்டும். அதனால் ஏணியைத் துண்டுகளாக்கி முதுகில் சுமந்து போகிறார்கள். ஒவ்வொரு துண்டும் கை நீளத்துக்கு ஒரு அலுமினியக் குழாய். அதன் மேல் முனையிலும் கீழ் முனையிலும் கால் வைக்கக் கொம்புபோல நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில் மரத்தைச் சுற்றிக் கட்டக் கயிறு. ஒன்றைக் கட்டி அதில் ஏறி நின்று அடுத்ததைக் கட்ட வேண்டும். இறங்கும்போது மேலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்து இடுப்பில் மாட்டிக்கொண்டே வர வேண்டும்.

இந்தப் படிகள் ஒன்றோடொன்று மோதினால் கரண்டியை வாணலியில் போட்ட சத்தம் வரும். அந்தச் சத்தம் காட்டில் வேறு எதற்கும் கிடையாது. கேட்ட மான் அந்தப் பக்கமே வராது. ஆட்கள் படிகளுக்கு ஒட்டுநாடா சுற்றுவார்கள். வெயிலில் அது பிசுபிசுக்கும், குளிரில் உரிந்து வரும். காலுறைத் துணி அப்படி எதுவும் செய்யாது. ஆர்லிஸ் இரண்டு படிகளைக் கையிலெடுத்து லவர்ன் முகத்துக்கு நேரே மோதிக் காட்டினாள். தலையணையில் குத்திய மாதிரி பொத்தென்றது.

"எப்படி?"

"மரத்துக்கும் இடுப்பு ஆபரேஷன் பண்ணப் போறியா?" என்றான் லவர்ன். ஆனால் சிரிக்கவில்லை. அந்தப் படிகள் மறுபடி காட்டுக்குப் போகப்போவதே அவனுக்குப் பிடிக்கவில்லை.

ஆர்லிஸ் வேலை பார்த்ததெல்லாம் முதியோர் இல்லத்தில். பள்ளி முடித்த கோடையில் பயிற்சிக்குச் சேர்ந்தவள், ஓய்வு பெறும்வரை அதே கட்டடத்தில் இருந்தாள். குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, நாற்காலிக்கு மாற்றுவது, நடத்திக்கொண்டு போவது. இடுப்பு மூட்டு தேய்ந்ததும் அந்த வேலையில்தான். அதைப் பற்றி அவளுக்குக் குறையில்லை. டயர் ஓடினால் தேயும் என்பாள்.

வேட்டை அவளுக்குச் சின்னப் பெண்ணாக இருந்தபோதே வந்தது. ஆனால் சேணத்துக்கு அவள் வந்தது பின்னால்தான். சேணம் என்றால் குதிரை எதுவும் கிடையாது. இடுப்பையும் பின்புறத்தையும் தாங்கும் அகலமான வார்ப்பட்டை. மரத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றில் அதைக் கோத்து, கால் வைக்கச் சின்னத் தட்டு ஒன்றை மாட்டி, மரத்தைப் பார்த்தபடி பின்னால் சாய்ந்து தொங்க வேண்டும். முதல் முறை பார்க்கிறவர்கள் பின்வாங்கிவிடுவார்கள். ஆர்லிஸ் பின்வாங்கவில்லை. இல்லத்தில், எழுந்திருக்க முடியாதவர்களைத் தூக்க ஒரு மிஷின் உண்டு. பட்டையில் படுக்க வைத்து அப்படியே மேலே தூக்கும். பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவரும் ஒரு தடவை அந்தப் பட்டையில் தொங்கியே ஆக வேண்டும், தொங்குகிறவருக்கு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும் என்பதற்காக. மற்ற பெண்கள் கத்தினார்கள். ஆர்லிஸ் தூங்கிவிட்டாள். கடையில் சேணத்தை முதன்முதலாகப் பார்த்தபோது, "இது நம்ம பட்டைதானே" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு வேறு எதிலும் உட்கார்ந்து அவள் வேட்டையாடவில்லை.

லவர்ன் மரம் ஏறமாட்டான். கூரையில் பந்து சிக்கினால்கூட அவள்தான் ஏற வேண்டும்.

இந்தச் சாயத்துக்கெல்லாம் முன்னால், ஆபரேஷனுக்குப் பிறகு கோடைத் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கம்போல மீன் வறுவலுக்கு மதுக்கடைக்குப் போயிருந்தார்கள். லவர்னின் தம்பி ரோலி தன் போனை மேசையில் நீட்டினான். புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றின் படம். ரோலி அதைத் தன் நிலத்தின் ஓரத்தில் நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து மான் வேட்டையாடப் போகிறான்.

"பாருங்க அண்ணி. நாலு பக்கமும் ஜன்னல். ஹீட்டர் இருக்கு. சுத்துற நாற்காலி. அதுல கப்பு வைக்க ஓட்டைகூட இருக்கு."

"ஊட்டிவிட ஆள் இருக்கா?"

"உங்களுக்காகத்தான் ரெண்டு நாற்காலி போட்டேன். இந்த வயசுல இனிமே எதுக்கு மரம்? நான் இருக்கேன், சூடு இருக்கு, சாண்ட்விச் இருக்கு."

ஆர்லிஸ் படத்தைப் பார்த்தாள். ஜன்னலோரம் ஒரு நாற்காலி, பக்கத்தில் ஹீட்டர், நாற்காலி முதுகில் மடித்துப் போட்ட போர்வை. இந்த ஏற்பாட்டை அவள் வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குச் செய்து கொடுத்திருக்கிறாள். போர்வையின் ஓரத்தைத் தொடைக்கு அடியில் எப்படிச் செருக வேண்டும் என்றும் தெரியும். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் தானாக உட்காருகிறவருக்கும் உட்கார வைக்கப்பட்டவருக்கும் உள்ள வித்தியாசத்தை அவள் பார்த்திருக்கிறாள்.

"நல்ல பெட்டி," என்றாள். "எனக்கு இன்னும் ரெண்டு துண்டு மீன் சொல்லு."

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் லவர்ன் பேசினான். ஓட்டும்போதுதான் அவனுக்குப் பேச வரும்.

"நான் சொல்றதைக் கேளு. பாத்ரூமுக்கு உன்னை நடத்திக் கூட்டிட்டுப் போனது நான். ராத்திரி நீ திரும்பிப் படுக்க முடியாம பல்லைக் கடிச்சதும் எனக்குத் தெரியும். நீ நர்சம்மா மாதிரி எல்லாரையும் பாத்துப்ப. எனக்கு அது வராது. இன்னொரு தடவை என்னால முடியாது, ஆர்லிஸ்."

உண்மையைச் சொல்கிறவனிடம் வாதாடக் கூடாது என்பது அவள் வழக்கம். வீட்டு வாசலில் வண்டி நின்றதும் சொன்னாள்:

"ஒரு ஒப்பந்தம் போட்டுக்கலாம். சீசன் தொடங்கற அன்னிக்கு நானே சுமந்துட்டுப் போறேன். நானே கட்டி ஏறறேன். நானே இறங்கி, நானே சுமந்துட்டு வரேன். நடுவுல ஒரு தடவை உன்னை உதவிக்குக் கூப்பிட்டாலும், அடுத்த நாளே ரோலியோட பெட்டியில போய் உட்கார்ந்துடறேன். அப்புறம் மரம்ங்கிற பேச்சே கிடையாது."

லவர்ன் எஞ்சினை நிறுத்தினான். "கூப்பிடவேண்டிய நேரத்துல வீம்புக்குக் கூப்பிடாம இருப்பியே?"

"நான் யாரு? கூப்பிடாம விழுந்தவங்களைத் தூக்கினவ. கூப்பிடணும்னா கூப்பிடுவேன்."

அவள் அப்படிச் செய்வாள் என்று அவனுக்குத் தெரியும். அதனால் ஒத்துக்கொண்டான்.

பிசியோதெரபியில் அவளுக்குக் கிடைத்தவள் பா ஹூவா வாங். முதல் நாளிலேயே எல்லோரையும் கேட்பதுபோல அவளையும் கேட்டாள், என்ன செய்ய முடிந்தால் குணமாகிவிட்டதாக நினைப்பீர்கள் என்று. மற்றவர்கள் சர்ச், தபால் பெட்டி, பேரன் கல்யாணத்தில் நடனம் என்று சொல்வார்கள்.

"மரம்," என்றாள் ஆர்லிஸ்.

பா ஹூவா சிரிக்கவில்லை. அவள் சித்தப்பா, மாமா எல்லோரும் நவம்பர் வந்தால் வீட்டில் இருக்கமாட்டார்கள், மான் வேட்டைக்குப் போய்விடுவார்கள். "சேணமா? படிகளை எவ்வளவு தூரம் விட்டுக் கட்டுவீங்க?"

"இவ்வளவு." ஆர்லிஸ் கையை விரித்துக் காட்டினாள்.

"அது பழைய இடுப்புக்கு. அடுத்த வாரம் படிகளைக் கொண்டாங்க."

வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு மேப்பிள் மரம் இருந்தது. கோடை முழுக்க அவர்கள் அதன் அடியில் பயிற்சி செய்தார்கள். முதலில் ஒரே ஒரு படி, பிறகு இன்னொன்று. பக்கத்துக் கட்டடத்துப் பல் டாக்டரிடம் வந்தவர்கள் வண்டியில் உட்கார்ந்தபடியே வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏறும்போது..." என்று பா ஹூவா தொடங்கினாள்.

"நல்ல கால் முதல்ல. இறங்கும்போது ஆபரேஷன் கால் முதல்ல. இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன் தெரியுமா?"

"சொன்னீங்க சரி. இப்ப செஞ்சது தப்பு. மறுபடி ஏறுங்க."

படிக்குப் படி இடைவெளியைக் குறைக்கச் சொன்னாள் பா ஹூவா. அப்படியானால் அதே உயரத்துக்குக் கூடுதலாக ஒரு படி வேண்டும். அதையும் சேர்த்துத்தான் முதுகில் சுமக்க வேண்டும். சுமக்க முடியுமா என்று கேட்டாள்.

"மரத்துல கஷ்டப்படறதுக்குத் தரையில கஷ்டப்பட்டுக்கறேன்," என்றாள் ஆர்லிஸ். மறுநாளிலிருந்து மாவு மூட்டையை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு பக்கத்துச் சோளக்காட்டைச் சுற்றி நடந்தாள். சோளத்துக்கு மேலே அவள் தொப்பி மட்டும் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் ஹார்ன் அடித்தார்கள்.

செப்டம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை வில் சீசன் தொடங்கியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லவர்ன் அவளைக் காட்டோரத்துச் சரளைக்கல் திடலில் இறக்கிவிட்டான். அவன் வண்டியிலேயே இருப்பதாக ஏற்பாடு. பிளாஸ்கில் காப்பி, தாளில் சுற்றிய சீஸ், ரேடியோவில் கால்பந்து.

"முதுகுல ஏத்தி விடட்டுமா?"

"விட்டா ஒப்பந்தம்?"

அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். ஆர்லிஸ் வண்டியின் பின்பலகையை இறக்கி, பையை அதன் விளிம்பில் வைத்து, திரும்பி நின்று தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். கனமானவரைப் படுக்கையிலிருந்து எடுப்பதுபோலத்தான். முதுகை வளைக்காமல் காலால் எழ வேண்டும். எழுந்து ஒரு தடவை குதிகாலில் குலுங்கிப் பார்த்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. லவர்னைத் திரும்பிப் பார்த்தாள். அவனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். புருவத்தை மட்டும் உயர்த்தினான்.

பாதை முதலில் பொன்கோல் பூப் புதர்கள் வழியாகப் போய், பிறகு மேட்டைத் தாண்டி ஓக் மரங்களுக்குள் இறங்கியது. காற்று முகத்துக்கு எதிரே வந்தது. எங்கோ சதுப்பில் கொக்குகள் கரகரத்தன. அவள் அவசரப்படவில்லை. சரிவு வந்தால் நின்றாள், மூச்சு வந்ததும் நடந்தாள். மேட்டுக்கு மேலே வந்து திரும்பிப் பார்த்தபோது வண்டியின் கூரை மட்டும் கீழே தெரிந்தது. போன வருஷம் இதே இடத்தில் ஒரு கட்டையில் உட்கார்ந்து, இனிமேல் முடியாது என்று அழுதது நினைவு வந்தது. அன்றைக்கு எலும்பு எலும்போடு உரசிக்கொண்டிருந்தது. இன்றைக்கு உரசுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கட்டையை வில் நுனியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

அவள் பார்த்து வைத்திருந்தது ஒரு வெள்ளை ஓக். காய்கள் உதிரத் தொடங்கியிருந்தன. மரத்தைச் சுற்றிக் கயிறு போட்டு, அதைச் சேணத்தின் இரண்டு பக்கமும் மாட்டி, இழுத்துப் பார்த்தாள். அந்தக் கயிறு மாட்டாமல் அவள் எந்த நாளும் தரையை விட்டுக் காலைத் தூக்கியதில்லை. முதல் படியைக் கட்டினாள். நல்ல காலை வைத்தாள். மற்றது பின்னாலேயே வந்தது. வலிக்குமோ என்று ஒரு கணம் காத்திருந்தாள். வலி வரவில்லை. அடுத்ததைக் கட்டினாள்.

இரண்டாம் படிக்கு வந்ததும் முதல் படியில் முன்கூட்டியே கட்டியிருந்த மெல்லிய கயிற்றை இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்து, கீழ்ப் படி அவள் கையோடு மேலே வந்தது. இது அவளுடைய சொந்த வழக்கம். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு பெரிய கலைமான் அவள் பூட்ஸ் பட்ட கீழ்ப் படியை மோந்து பார்த்துவிட்டுச் சீறிக்கொண்டு ஓடியிருந்தது. அதிலிருந்து கீழ்ப் படியைத் தரைப்பக்கம் விட்டுவைப்பதில்லை; இறங்கும்போது மறுபடி கட்டிக்கொள்வாள்.

வீட்டுக் கூரை உயரத்துக்கு வந்ததும் தட்டை மாட்டி, தொங்கும் கயிற்றைக் கட்டி, கீழ்ப் படியைப் பக்கத்துக் கொக்கியில் அதன் காலுறையைப் பிடித்தே தொங்கவிட்டாள். வில்லை மேலே இழுத்துக்கொண்டாள். பிறகு பின்னால் சாய்ந்தாள்.

பட்டை அவளை ஏந்திக்கொண்டது. புது இடுப்பில் ஒரு பாரமும் இல்லை. இலைகளுக்கு நடுவே வெயில் முழங்காலில் விழுந்தது. ஒரு மரங்கொத்தி அவளைப் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனது. ஆர்லிஸ் தானாகவே ஒரு காலால் மரத்தை உதைத்து மெதுவாக ஆடினாள். அறுபதைத் தாண்டியவள், இரண்டு பக்கமும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு இன்னொரு தடவையும் ஆடினாள்.

போன் சட்டைப்பையில் அதிர்ந்தது. 'ஏறிட்டியா?'

'ஏறிட்டேன்' என்று அனுப்பினாள்.

வில்லைப் பழக்கத்துக்காக ஒரு தடவை இழுத்துப் பார்ப்போம் என்று கையைப் பின்னால் கொண்டுபோனபோது முழங்கை ஏதோ ஒன்றில் இடித்தது. பொத்தென்று கீழே ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தாள். கொக்கியில் காலுறை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த படி வழுக்கிக்கொண்டு கழன்று, கீழே காய்ந்த இலைகளில் விழுந்து கிடந்தது.

சத்தம் வராமல் இருக்க அவளே மாட்டிய துணிதான் வழுக்கிவிட்டது.

மரத்தில் எஞ்சியிருந்த படிகளில் மிகக் கீழே இருந்தது, தரையில் நின்றால் அவள் நெஞ்சு உயரத்தில் இருந்தது. இளவட்டம் என்றால் அங்கிருந்து குதித்துவிட்டுப் போயிருப்பான். புது மூட்டோடு குதிக்கிறவள் முட்டாள். மரத்தைக் கட்டிப்பிடித்துச் சறுக்குகிறவள் அதைவிடப் பெரிய முட்டாள். ஆட்கள் விழுவது எப்போதுமே கடைசிப் படியில்தான், வந்துவிட்டோம் என்று நினைக்கிற இடத்தில். அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன் மறுபடி அதிர்ந்தது. 'எல்லாம் சரியா?'

அதைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள். கூப்பிட வேண்டும் என்றால் கூப்பிடுவேன் என்று சொல்லியிருக்கிறாள். லவர்ன் வருவான், படியை எடுத்துக் கொடுப்பான், ஒரு வார்த்தை பேசமாட்டான். நாளைக்கு ரோலி நாற்காலியைத் துடைத்து வைப்பான். போர்வை மடியில் வரும். இருட்டுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. இப்போதைக்கு 'சரி' என்று அனுப்பினாள். அது பொய் இல்லை. இருக்கிற இடத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

வெயில் சாய்ந்தது. அவள் ஆடவில்லை. வெள்ளை ஓக்கின் காய்கள் டக் டக்கென்று விழுந்துகொண்டிருந்தன. வேட்டைக்கு அதைவிட நல்ல மாலை வராது. அவளுக்கோ கீழே கிடந்த அலுமினியத் துண்டைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

மான் வந்ததும் அதற்குப் பக்கத்தில்தான். இலைகளுக்கு நடுவிலிருந்து ஓசையில்லாமல் வெளியே வந்தது. நல்ல கொழுத்த கலைமான். மேல்தோல் உரிந்த புதுக் கொம்பு. நேராக வந்து படியின் மேல் மூக்கை வைத்தது. போச்சு, சீறப் போகிறது என்று நினைத்தாள். அது சீறவில்லை. நாக்கை நீட்டி நக்கியது. அவள் கையின் வியர்வை உப்பு அதில் இருந்திருக்க வேண்டும். கொம்பை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, ஐஸ்கிரீம் சாப்பிடுகிற பிள்ளையைப்போல நிதானமாக, மேலிருந்து கீழ் வரை நக்கியது.

மான் மோந்துவிடும் என்றா இவ்வளவு வருஷமும் குனிந்து நிமிர்ந்து கயிறு இழுத்தோம் என்று ஆர்லிஸுக்குச் சிரிப்பில் உதடு துடித்தது. அடக்கிக்கொண்டு வில்லைத் தூக்கினாள். தூக்கியபோது மானின் கொம்புக்கு மேலே, மரத்தின் பக்கவாட்டில், காலுறை போட்ட மற்ற படிகள் வரிசையாகத் தெரிந்தன. மேலிருந்து கீழே. ஒவ்வொன்றாக அவிழ்த்து இடுப்பில் மாட்டிக்கொண்டு இறங்க வேண்டிய படிகள்.

கடைசிப் படிக்கு வரும்போது அவள் இடுப்பில் ஒரு கட்டுப் படிகள் தொங்கும். அதில் ஒன்றை எடுத்துக் கீழே கட்டினால் முடிந்தது. எத்தனையோ வருஷமாக இறங்கும்போதெல்லாம் படிகளை இடுப்பில் சுமந்துகொண்டே இறங்கியவள், இறங்கப் படி இல்லையே என்று மத்தியானம் முழுக்க மரத்தில் உட்கார்ந்து கவலைப்பட்டிருக்கிறாள்.

சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது. வாயை மூடினாள், மூக்கால் வந்தது. சேணம் குலுங்கியது, கிளை குலுங்கியது, ஓக் காய்கள் பொலபொலவென்று கொட்டின. மான் தலையைத் தூக்கிப் பார்த்தது. அதன் நாக்கு இன்னும் வெளியேதான் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளால் முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். வெள்ளை வால் இரண்டு தாவலில் புதருக்குள் போய்விட்டது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கால்தட்டை அவிழ்க்கத் தொடங்கியபோது, மேட்டிலிருந்து இலைகளை மிதித்துக்கொண்டு லவர்ன் வந்தான். வண்டியில் இருக்க வேண்டியவன். கால்சட்டையின் பின்புறம் பாசி ஒட்டியிருந்தது. பாதி வழியில் அந்தக் கட்டையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தவனின் கால்சட்டை.

"நான் கூப்பிடல," என்றாள் மேலிருந்து.

"நீ கூப்பிடல. எனக்குத் தெரியும். ஏதோ சத்தம் கேட்டுச்சு."

"சிரிச்சேன்."

"தனியா?"

"கூட ஒரு மான் இருந்துச்சு."

லவர்ன் மரத்தடிக்கு வந்து கீழே பார்த்தான். "இது உன்னுதா?"

"ஆமா."

"எடுத்துத் தரட்டுமா?"

"தொடாத."

அவன் அதைத் தொடவில்லை. ஒரு அடி பின்னால் போய்க் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். ஆர்லிஸ் வில்லையும் தட்டையும் கயிற்றில் இறக்கினாள். அடுத்த படிக்கு வந்து மேல் படியை அவிழ்த்து இடுப்பில் மாட்டினாள். அடுத்தது. ஆபரேஷன் கால் முதலில், நல்ல கால் பின்னால். லவர்னின் உதடுகளும் சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன. வசந்தத்தில் வாசல் படியில் அவளை இறக்கியபோது அவன் சொன்ன அதே வார்த்தைகள்.

கடைசிப் படியில் வந்து நின்றாள். கீழே வெறும் மரம்.

"இப்ப என்ன செய்யப் போற?" என்றான் லவர்ன்.

"பாரு."

மரத்தைச் சுற்றிய கயிற்றில் பாரத்தைப் போட்டு, சேணத்தில் உட்கார்ந்தபடி தணிந்தாள். குனியவில்லை. இடுப்பிலிருந்து ஒரு படியை எடுத்துக் காலுக்குக் கீழே மரத்தில் வைத்தாள். காலுறை உருளப் பார்த்தது. கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினாள். கையால் ஒரு தடவை, காலால் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாள். இறங்கி அதில் நின்றாள். பிறகு தரையில் நின்றாள்.

லவர்ன் மூச்சை விட்டது மேடு வரைக்கும் கேட்டிருக்கும்.

"இவ்வளவுதானா?" என்றான்.

"இவ்வளவுதான். மத்தியானமே தெரிஞ்சிருந்தா மானை அடிச்சிருப்பேன்." கீழே கிடந்த படியை எடுத்து அவனிடம் நீட்டினாள். "நக்கியிருக்கு பாரு."

அவன் தொட்டுப் பார்த்து, விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். அவள் படிகளைக் கட்டிப் பையில் மாட்டித் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"வில்லையாவது கொடு."

"கொடுத்தா ஒப்பந்தம்?"

"ஒப்பந்தத்துல வில்லைப் பத்திப் பேச்சே இல்ல. சுமை படிதான்."

ஆர்லிஸ் யோசித்தாள். அவள் நினைவிலும் அப்படித்தான் இருந்தது. வில்லைக் கொடுத்தாள்.

வண்டிக்கு வந்தபோது ரோலி போனில் கூப்பிட்டான். லவர்ன் போனை அவள் பக்கம் திருப்பினான்.

"என்ன அண்ணி, நாளைக்கு எத்தனை மணிக்கு வரீங்க? நாற்காலியைத் துடைச்சு வச்சுட்டேன்."

"நாளைக்கு நான் மரத்துல இருப்பேன். நாற்காலியை லவர்ன்கிட்டக் கொடு. காட்டுல ஈரக்கட்டையில உட்கார்ந்து உட்கார்ந்து கால்சட்டை வீணாப் போவுது."

"ரோலி," என்றான் லவர்ன் போனை நோக்கிக் குனிந்து, "கப்பு வைக்க ஓட்டை இருக்குன்னு சொன்னியே, அதுவா?"

"அதுதான் அண்ணா."

"அப்ப கொண்டா."

ஞாயிறு காலை, சர்ச்சுக்குப் போகுமுன், ஆர்லிஸ் சமையலறை மேசையில் காலுறைத் துண்டுகளைப் பரப்பித் தடித்த நூலால் ஒவ்வொன்றின் அடியையும் தைத்தாள். இனி எதுவும் கழன்று விழாது. லவர்ன் எதிரே வந்து உட்கார்ந்து காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தான். தைத்து முடித்ததை எடுத்து, படியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, துணியைச் சுருட்டிப் பிடித்து, ஒரே இழுப்பில் மேல் வரை ஏற்றினான். சுருக்கம் ஒன்றுகூட இல்லை.

"நல்லாத்தான் மாட்டற," என்றாள் ஆர்லிஸ்.

"பழக்கம்," என்றான். அடுத்ததை எடுத்தான். இந்த முறை யாருக்கும் மூச்சு வாங்கவில்லை.